பாய்மரத்தின் அடியில் பத்துப் பைசா

எங்கள் ஷெட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐ.டி.ஐ. பெண்கள் ஸ்டோர் ரூமில் ஒரு பிஸ்கட் டப்பாவைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே ஓரம் நெளிந்த பழைய பத்துப் பைசாக்கள். பாய்மரம் துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு காசு கூடவே போகிறது. அந்தக் காசின் இரண்டு பக்கமும் மஞ்சள் பசை தடவ வேண்டும் என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். காசு எதற்கு, பசை எதற்கு என்று மேனேஜரைக் கேட்டால், "அதைத் தேசம்மாவைப் போய்க் கேளுங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாராம்.

இரண்டு பேர் ஸ்கூட்டியில் சேரப்பணஞ்சேரிக்கே வந்துவிட்டார்கள். நான் வேலையை விட்டு நின்று, வாசலில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிறேன். "ஆயுதபூஜை மலர்ல போடறோம் ஆயா, சொல்லுங்க" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். எனக்கு எழுதப் படிக்க வராது. பேசச் சொன்னால் கீரை ஆய்ந்து முடிந்தாலும் நிறுத்த மாட்டேன். வந்தவர்களில் நிர்மலா என்பவளிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: நான் சொல்வதை உங்கள் எழுத்துத் தமிழில் எப்படி வேண்டுமானாலும் போட்டுக்கொள், மற்றவர்கள் பேசியதை மட்டும் அவரவர் வாயில் வந்த மாதிரியே வை. லோகநாதன் சாரை எழுத்துத் தமிழில் பேசவைத்தால் அவருக்கே அடையாளம் தெரியாது.

எங்கள் கம்பெனி இருக்கிற பிள்ளைப்பாக்கத்தில் கடல் எங்கே இருக்கிறது என்று கேட்காதவர்களே இல்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார்.

"கார் கம்பெனி கீது, கண்ணாடி கம்பெனி கீது, செருப்பு கம்பெனி கீது. நீ இன்னாத்துக்குக் கப்பல் கம்பெனிக்குப் போற? ஏரியில ஓட்டப் போறாங்களா?"

"கப்பல் இல்ல. பணக்காரங்க காத்துல ஓட்டறாங்களே பாய் கட்டின படகு, அது. அதுகூட முழுசா இல்ல. நடுவுல நெட்டுக்குத்தா நிக்குதே, அந்தக் குச்சி மட்டுந்தான்."

"குச்சிக்கு ஒரு கம்பெனி" என்று தலையில் அடித்துக்கொண்டார். முதல் சம்பளம் வந்த அன்று தெரு முழுக்க "எங்க வூட்டம்மா கப்பல் கம்பெனி" என்று சொல்லிக்கொண்டு திரிந்தவரும் அவர்தான்.

எங்கள் வேலை இதுதான். அலுமினியக் குழாயில் பாய்மரம் செய்வோம். பாயின் கீழ்ப்பக்கத்தைப் பிடிக்கிற படுக்கைக் கம்பு செய்வோம். அதன் பெயர் பூம். துறைமுகத்தில் இருக்கிற படகுகளின் மரங்களை வருடத்துக்கு ஒருமுறை கழற்றி லாரியில் ஏற்றி எங்களிடம் அனுப்புவார்கள். கழுவி, பார்த்து, பழுது நீக்கித் திருப்பி அனுப்புவோம். மரம் என்று பேர், அதில் மரம் துளிக்கூடக் கிடையாது. நான் சேரும்போது கூட்டிப் பெருக்கும் வேலைதான். மரம் கழுவுகிறவள் ஒருநாள் வரவில்லை. அப்படியே நான் கழுவப் போனேன், அப்படியே திருகு கழற்றப் போனேன். அவ்வளவுதான் என் படிப்பு.

லோகநாதன் சார் எங்கள் சூப்பர்வைசர். ராயபுரத்துக்காரர். சின்ன வயதிலிருந்து துறைமுகத்தில் கயிறும் கப்பியுமாக இருந்தவர். ஆள் ஒல்லி. ஒரு மரத்தைத் தொடுவதற்கு முன்னால் கையைப் பேண்டில் இரண்டு தரம் துடைத்துக்கொள்வார். கண்ணால் பார்ப்பதெல்லாம் அப்புறம்தான், முதலில் உள்ளங்கையால் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு நடப்பார். மாட்டுச் சந்தையில் மாடு பார்க்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக்கூட அவ்வளவு பொறுமை கிடையாது.

அவரிடம் ஒரு விசேஷம். சந்தோஷமாக இருந்தால் "இன்னாமே" என்பார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "தேசம்மா மேடம், கொஞ்சம் இங்க வரீங்களா" என்று கேட்டால் அன்றைக்கு மதியச் சோறு இறங்காது. புதிதாக வருகிற பெண்கள் "சார் எவ்ளோ மரியாதையா பேசறாரு" என்று பூரித்துப்போவார்கள். நாங்கள் பாவம் பார்த்து ஒன்றும் சொல்ல மாட்டோம்.

மரம் வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். "உப்பு போனாத்தான்மே உண்மை தெரியும்" என்பார். பிறகு பழைய கார்ப்பெட் சுற்றின ஸ்டாண்டுகளின் மேல் படுக்கவைப்போம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாய் ஏறும் பள்ளத்தை நுனிவரை பார்த்தால் கோணல் தெரிந்துவிடும். கப்பிகளை விரலால் சுண்டிச் சுற்றிப் பார்ப்போம். மரத்தைப் பிடித்து நிறுத்துகிற ஒயர் கயிறுகள் இருக்கிறதே, அதற்குக் கம்பெனி பஞ்சு கொடுத்தது. ஒயரைப் பஞ்சால் உருவினால் உடைந்த இழை பஞ்சைப் பிடித்து இழுக்கும், அதுதான் கணக்கு. பஞ்சு மூக்கில் ஏறித் தும்மல் தாங்காமல் நான் என் பழைய நைலக்ஸ் புடவையைக் கிழித்துக்கொண்டு போனேன். சார் ஒரு உருவு உருவிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது. ஆனா மாம்பழக் கலரு வேணாம்மே, கண்ணு கூசுது" என்றார். என் வீட்டுப் பெட்டியில் இருந்த நைலக்ஸ் எல்லாம் இப்படித்தான் கரைந்தது. என் கல்யாணத்துக்கு மாமியார் எடுத்த புடவையும் போனது. அதற்கு நான் வருத்தப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மஞ்சள் பசை. மரம் அலுமினியம், அதில் முடுக்குகிற திருகு ஸ்டீல். இரண்டும் நேராக ஒட்டக்கூடாது.

"அலுமினியமும் ஸ்டீலும் பங்காளிங்கமே. சும்மா இருக்கற வரைக்கும் சும்மா இருப்பானுங்க. நடுவுல கொஞ்சம் உப்புத் தண்ணி பூந்துச்சுன்னு வெச்சுக்க, அலுமினியத்தை அரிச்சு எடுத்துடும். இந்தப் பசை நாட்டாமை மாதிரி நடுவுல நிக்கணும்."

நிறம் பார்க்கவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். வெள்ளையாகப் பூத்தால் அலுமினியம் அரிக்கிறது. சிவப்பாக வந்தால் இரும்பு. பச்சையாக வந்தால் செம்பு. "செம்பு மட்டும் கிட்ட சேக்காத. ஸ்டீல் பங்காளின்னா செம்பு சம்பந்தி" என்பார். அவருக்கு மூன்று பெண்கள், மூன்று சம்பந்திகள்.

பசை தடவுவதில் எங்கள் ரூபாவதியை மிஞ்ச ஆள் கிடையாது. மண்ணூர்க்காரி, என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி ஒவ்வொரு திருகுக்கும் அளந்து தடவுவாள். நான் சொல்லப்போகிற சமயத்தில் அவள் புருஷன் பைக்கிலிருந்து விழுந்து கால் ஒடிந்து, ஒரு வருடத்துக்கு மேல் வேலைக்குப் போகாமல் வீட்டில் கிடந்தான். அவள் கொண்டுவருவதில்தான் நாலு பேர் சாப்பாடு.

அப்போதுதான் பல் டாக்டர் ஒருவர் வந்தார். ஊரார் பல்லையெல்லாம் பிடுங்கி முடித்து ஓய்வுபெற்றவர். பழைய படகு ஒன்றை வாங்கியிருந்தார். அதற்குப் புது மரம் வேண்டும்.

"இருக்கறதுலயே தடிமனா போடுங்க லோகநாதன். காசைப் பத்திக் கவலையில்ல."

"தடிமன்தான் வேணும்னா கரண்ட் கம்பம் ஒண்ணு நட்டுடலாம் டாக்டர். மேல வெயிட்டு ஏற ஏற படகு சாயும். மொதல்ல காத்துல சாயும், அப்புறம் காத்தே இல்லாம சாயும்."

டாக்டர் சிரித்துவிட்டார். சார் விடவில்லை. தனியாக ஓட்டுவீர்களா, துணைக்கு யார், கரையோரமாகப் போவீர்களா, தூரம் போவீர்களா, பாயை எத்தனை பேர் ஏற்றுவீர்கள் என்று டாக்டருக்கே வைத்தியம் பார்க்கிற மாதிரி கேட்டுக்கொண்டே போனார். வீட்டம்மாவும் கூட வருவார் என்று டாக்டர் சொன்னதும் சார் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து கேட்டார்.

மூன்று குழாய்களை எடுத்துவைத்தோம். ஒவ்வொன்றையும் இரண்டு முனையிலும் ஸ்டாண்டில் தாங்கி, நடுவில் குடிதண்ணீர்க் கேன் ஒன்றைத் தொங்கவிடுவோம். எவ்வளவு தொய்கிறது என்று நூல் கட்டிப் பார்ப்போம். பாய் தைக்கிறவர் மரம் இவ்வளவு வளையும் என்று வைத்துத்தான் தைப்பார். மரம் அதற்கு மேல் வளைந்தாலும் கெடுதல், வளையாமல் விறைத்து நின்றாலும் கெடுதல். ஜாக்கெட் தைக்கிற கணக்குத்தான். நடுக்குழாய் பொருந்தியது. டாக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "இது பல்லுன்னா நான் கேப் போட மாட்டேன்" என்றார். நல்லது என்று அர்த்தமாம்.

மரம் தயாராகி லாரியில் புறப்பட்ட அன்று எனக்கு வார லீவு. எங்கள் ஊர் வழியாகத்தான் போக வேண்டும். நீளமான மரம், துணி சுற்றி, பின் முனையில் சிவப்புக் கொடி கட்டி வருகிறது. அம்மன் கோயில் திருப்பத்தில் லாரி திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. கோயிலில் திருப்பணி நடந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஊர்ப் பெண்கள் பார்த்தார்கள், இது கோயிலுக்கு வந்த புதுக் கொடிமரம்தான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒருத்தி கற்பூரம் கொண்டுவந்து லாரிக்குக் காட்டினாள். ஒருத்தி டிரைவர் நெற்றியில் குங்குமம் வைத்தாள். நான் ஓடிப்போய், "ஐயோ, இது எங்க கம்பெனி மரம்டி" என்றேன்.

"ஒங்க கம்பெனில கொடிமரமும் செய்றீங்களா அக்கா? சொல்லவே இல்ல" என்றாள் கற்பூரக்காரி.

வண்டியில் வந்த லோகநாதன் சார் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. இறங்கிக் கைகூப்பி நின்றார். பூசாரி வந்து, "எந்த மரமா இருந்தா இன்னா, நிக்கப்போற மரந்தானே" என்று மாலையை எடுத்து மரத்துக்குச் சாத்தி, சாரின் கையில் ஒரு சின்னப் பொட்டலமும் கொடுத்தார். விபூதி என்றுதான் நான் நினைத்தேன். லாரி திரும்பியது, போனது. ஊரில் ஒரு மாதம் வரை என்னைக் கொடிமரத்தம்மா என்று கூப்பிட்டார்கள்.

அடுத்த வருடம் அதே மரம் கழுவ வந்தது. டாக்டரும் பின்னாலேயே காரில் வந்தார். முகம் சரியில்லை.

"அடியில பாருங்க லோகநாதன். சொத்தை."

அந்தப் படகில் மரம் மேல்தட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், படகின் அடிவயிற்றில் ஊன்றி நிற்கும். ஊன்றும் முனையில் ஒரு வார்ப்புக் குப்பி போட்டுத் திருகியிருப்போம். கரும்புக்குக் கணு மாதிரி. மழைத் தண்ணீரும் கடல் தண்ணீரும் மரத்துக்குள்ளேயே வழிந்து அங்கேதான் தேங்கும். அந்த அடியைப் பார்த்தால் சுண்ணாம்பு வைத்து அப்பின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்து, ஓரமெல்லாம் எலி கடித்தது போல இருக்கிறது. இன்னும் ஒரு பருவம் ஓட்டியிருந்தால் டாக்டரும் வீட்டம்மாவும் கடலுக்கு நடுவில் இருக்கும்போது மரம் உட்கார்ந்திருக்கும்.

மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் அன்றைக்கு அவருக்கும் பயம். இந்த டாக்டர் நாலு பேரிடம் சொன்னால் துறைமுகத்திலிருந்து மரமே வராது.

"அடியில பசை போட்டது யாரு?"

"ரூபாவதி சார்" என்றார் லோகநாதன் சார்.

"பசை போடாம முடுக்கியிருக்காங்க. வேற எப்படி இவ்ளோ அரிக்கும்? அடுத்த வாரத்துலேர்ந்து அவங்க வர வேணாம். கான்ட்ராக்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

ரூபாவதி முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள், எடுத்தாள், மறுபடி செருகினாள். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் லோகநாதன் சார், "தொறந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம் சார்" என்றார். அப்புறம் அவளிடம் திரும்பினார்.

"ரூபாவதி மேடம், ஸ்க்ரூவைக் கழட்டுங்க."

மேடம் என்று கேட்டதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்குரூ டிரைவரை எடுத்தாள். நான் பக்கத்தில் குந்தி மரத்தைப் பிடித்துக்கொண்டேன். பசை போடாத திருகாக இருந்தால் உப்பில் இறுகிப்போய் அசையாது, சுத்தியால் அடித்தாலும் வராது. எல்லோரும் குனிந்து அந்த ஒரு திருகைப் பார்க்கிறோம்.

வெண்ணெயிலிருந்து வருகிற மாதிரி வந்தது. மரையெல்லாம் மஞ்சள். அடுத்தது, அதற்கடுத்தது, கடைசித் திருகு வரைக்கும் அப்படித்தான்.

"போட்டுத்தான் கீறா சார்" என்றேன். என் குரல் ஷெட்டின் அந்தக் கோடிக்குக் கேட்டிருக்கும்.

"அப்ப ஏன் அரிச்சுது?" என்றார் மேனேஜர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

குப்பியை உருவி எடுத்து, அதன் அடிக்குழியில் அப்பியிருந்த வெள்ளையை மூங்கில் சீவலால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டக்கூடாது. கட்டி கட்டியாக உதிர்ந்தது. நடுவிலிருந்து காய்ந்த கறிவேப்பிலை மாதிரி ஒன்று தரையில் விழுந்தது. பச்சை.

"செம்பு" என்றார் மேனேஜர். "செம்பு எங்கேர்ந்து வந்துச்சு? டாக்டர், நீங்க ஏதாவது ஒயர் கியர்..."

"நான் எதையும் உள்ள வைக்கலை."

"அப்ப இங்க ஷெட்ல மாட்டும்போதே எதையோ உள்ள விட்டிருக்காங்க" என்று மேனேஜர் மறுபடியும் ரூபாவதியைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது சார்" என்றாள்.

லோகநாதன் சார் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டார். இரண்டு தரம். குனிந்து அந்தப் பச்சைத் துண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். அதில் கட்டம் கட்டமாகக் கோடு இருந்தது எனக்குக்கூடத் தெரிந்தது. அதைப் பெருக்கித் தள்ளியிருந்தால் குப்பையோடு போயிருக்கும்.

"நான் வெச்சது சார்."

"நீங்களா? மரத்துக்கு அடியில செம்பா?"

"செம்புன்னே தோணல சார். சாமின்னுதான் தோணிச்சு." அந்தத் துண்டை மேனேஜரிடம் நீட்டினார். "சேரப்பணஞ்சேரி பூசாரி குடுத்த எந்திரத் தகடு. கொடிமரம் நட்டா அடியில வெப்பாங்களேன்னு, ஹார்பர்ல எறக்கறப்போ நான்தான் குப்பிக்குக் கீழ வெச்சேன். ரெண்டு மெட்டல் சேக்காதன்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். இத்தக் கைல வாங்கனப்போ, மெட்டல்னு ஒரு நிமிஷம்கூட நெனப்பு வர்ல."

சார் ரூபாவதியின் பக்கம் திரும்பினார்.

"ஒங்க வேலை சுத்தமா கீது மேடம். தப்பு என்னுது."

"சார், மேடம்னு மட்டும் சொல்லாதீங்க சார். மத்தியானச் சோறு எறங்காது" என்றாள் அவள்.

முதலில் சிரித்தது டாக்டர்தான். பிறகு மேனேஜர். அப்புறம் ஷெட்டே சிரித்தது. ரூபாவதி மட்டும் அழுதுகொண்டே சிரித்தாள். "நீங்க அடுத்த வாரமும் வாங்க, அதுக்கடுத்த வாரமும் வாங்க" என்று மேனேஜர் அவளிடம் சொல்லிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு ஆபீசுக்குப் போனார். மறுநாள் டீ நேரத்தில் சார், "இன்னாமே ரூபாவதி, டீ ஆறுது" என்று கூப்பிட்டதும்தான் அவளுக்கு முழு உயிரும் வந்தது.

அரித்த அடியை அறுத்து எடுத்துவிட்டோம். குறைந்துபோன உயரத்துக்குப் படகில் ஊன்றும் மேடையை உயர்த்திக் கட்டினோம். சார் ஞாயிற்றுக்கிழமையும் வந்து அவரே ராவி, அவரே முடுக்கினார். எல்லாம் முடிந்தது என்று பார்த்தால் டாக்டர் வீட்டம்மா போன் பண்ணினார். டாக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"தகடு வெச்சதாலதான் மரம் முறியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. அடியில ஒண்ணும் வைக்காம நட்டா நான் படகுல ஏற மாட்டேன், சொல்லிட்டேன்."

"தங்கம் வைக்கலாமா?" என்றார் மேனேஜர்.

"தங்கம் செம்பைவிட மோசம் சார்" என்றார் லோகநாதன் சார்.

"வெள்ளி?"

"அதுவும் ஆவாது. அலுமினியத்துக்கு அலுமினியந்தான் ஒறவு."

"அலுமினியத்துல யாரு சாமி செய்றாங்க?"

எனக்கு வீட்டில் பேரப்பிள்ளைகள் கடை வைத்து விளையாடுகிற பிஸ்கட் டப்பா ஞாபகம் வந்தது. அதில் கல்லாவாக இருப்பது பழைய பத்துப் பைசாக்கள். கையில் எடுத்தால் அப்பளம் போல இருக்கும், வெயிட்டே இருக்காது. மறுநாள் டப்பாவோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். சார் ஒன்றை அரத்தால் லேசாக ராவிப் பார்த்தார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னாமே, சாமி இல்லன்னாலும் சிங்கம் கீது, போதும்" என்றார். வீட்டம்மாவும் ஒத்துக்கொண்டார். பேரன் மட்டும் கடையை மூடிவிட்டாய் என்று என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

மரம் நட்டபோது என்னையும் ரூபாவதியையும் சார் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனார். அதுவரை நாங்கள் பார்த்த மரமெல்லாம் படுத்த மரம்தான். அன்றைக்குக் கிரேன் அதைத் தூக்கி நிமிர்த்தியது. ஸ்டாண்டில் கிடக்கும்போது குனிந்து குனிந்து கழுவின மரம், அண்ணாந்து பார்த்தால் நுனியில் காக்காய் உட்காரப் பார்க்கிறது. நான் கழுத்து வலிக்கிறவரை பார்த்தேன். பக்கத்துப் படகுகளின் மரங்களிலும் நான் கழுவினவை நாலைந்து இருந்தன. தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்துவிட்ட மாதிரி எனக்கு ஒரே குஷி.

ரூபாவதி படகின் வயிற்றுக்குள் இறங்கினாள். மேடையைத் துடைத்து, காசை எடுத்தாள். இடுப்பிலிருந்து மஞ்சள் பசை டப்பாவையும் எடுத்து, காசின் ஒரு பக்கம் தடவினாள், திருப்பி இன்னொரு பக்கமும் தடவினாள். அதே அளவு, அதே பொறுமை.

"இன்னாமே, அதுவும் அலுமினியம், இதுவும் அலுமினியம். இதுக்கு எதுக்குப் பசை?" என்றார் சார்.

"தெரியும் சார். நாளைக்கு எவனாவது தொறந்து பாத்தான்னா, ரூபாவதி பசை போட்டாளான்னு மறுபடி ஒரு கேள்வி வரக்கூடாது பாருங்க."

சார் மேலே கிரேன்காரருக்குக் கை காட்டினார். மரம் மெல்ல இறங்கிவந்து அந்த மஞ்சள் காசின் மேல் உட்கார்ந்தது.